நீலத் தார்ப்பாய்களின் நகரம்

எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு நகரத்தையே திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள் ஹுமேரா. சொன்னால் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். தருமபுரியில் பென்னாகரம் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் தெரு. அங்கே குழாய் போடத் தோண்டிய பள்ளத்தை மூட ஆள் வருவதற்குள் எங்கள் தெருநாய் இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது. அப்படிப்பட்ட தெருவில் ஒருத்தி, பெயர்கூடத் தெரியாத ஒரு ஊருக்குச் சாலை போடுகிறாள், பூங்கா போடுகிறாள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

தெருவில் அவளுக்கு "ஆன்லைன் அம்மா" என்று பெயர். என்னமோ கம்ப்யூட்டர் வேலை என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் மொட்டைமாடிதான். துணி காயப்போட வேண்டுமானால் அவள் வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். கதவு திறந்திருக்கும். திறந்த கதவுக்குள் எட்டிப் பார்க்காமல் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

அவள் திரையில் இருந்தது குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிய ஒரு ஊர். ட்ரோன் பறக்கவிட்டு நேர் மேலேயிருந்து எடுத்த படங்கள். வேலை கொடுத்தது பெங்களூரில் ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு வேலை கொடுத்தது வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் நகரத் திட்டக்காரர்கள். ஊரின் பெயரை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. கட்டம் கட்டமாகப் பிரித்து எண் போட்டுத்தான் கொடுப்பார்கள். பேப்பரைத் திறந்தால் எந்நேரமும் இரண்டு மூன்று இடங்களில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. அதில் எந்த ஊரோ. மேலேயிருந்து பார்த்தால் உடைந்த வீடெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

ஒவ்வொரு கட்டடத்தையும் சுற்றிக் கோடு வரைய வேண்டும். நிற்கிறதா, பாதி நிற்கிறதா, விழுந்துவிட்டதா என்று குறிக்க வேண்டும். பிறகு அது வீடா, கடையா, சரக்கு கிடக்கும் இடமா, காலி மனையா என்று ஒரு வண்ணம் கொடுக்க வேண்டும். அவளும் அவளைப் போல இன்னும் சிலரும் வரைந்து அனுப்புகிற அந்த வரைபடத்தின் மேல்தான் திட்டக்காரர்கள் புது ஊரை வரைவார்கள். எங்கே அகலச் சாலை, எங்கே பள்ளிக்கூடம், எந்த இடத்தை முதலில் இயந்திரம் விட்டு வாரிச் சுத்தம் செய்வது, எல்லாம் இவள் கொடுக்கிற வண்ணத்தைப் பார்த்துத்தான்.

ஹுமேரா பாலக்கோட்டுக்காரி. அவள் அப்பா சர்தார் பாய்க்கு அங்கே புளி மண்டி. பாலக்கோடு என்றால் எல்லோருக்கும் தக்காளி மார்க்கெட்தான் ஞாபகம் வரும், அதில் அவருக்குத் தீராத எரிச்சல். தக்காளிக்காரன் காலையில் ராஜா, சாயங்காலம் ஆண்டி என்பார். மகளைப் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்க வைத்தார். அவள் பெங்களூரில் வீட்டு பிளான் வரையும் ஆபீஸ் ஒன்றில் சில வருஷங்கள் இருந்தாள். கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. அதைப்பற்றி அவள் என்னிடம் சொன்னது ஒரே வரி. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. என் வாயைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அப்பா போன பிறகு மண்டியைத் தம்பி ஃபைசான் பார்த்துக்கொண்டான். ஹுமேரா தன் அம்மா ஷகிலாவை அழைத்துக்கொண்டு எங்கள் மாடிக்குக் குடிவந்தாள். அம்மாவும் மகளும் உருதுவில் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். என்ன சண்டை என்று எனக்குப் புரியாது, ஆனால் கேட்க நன்றாக இருக்கும். அந்த அம்மா இறந்த பிறகு மாடி அடங்கிப்போனது. கீழே நாங்கள் ஐந்து பேர், ஒரு டிவி, இரண்டு மகன்கள், ஓயாத மிக்சி. மேலே மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்காது.

ஃபைசானும் அவன் பெண்டாட்டி சமரீனும் பாலக்கோட்டுக்கே வந்துவிடச் சொல்லிப் பார்த்தார்கள். அங்கே நெட் சரியாக வராது, வேலை கெட்டுவிடும் என்று இவள் சாக்கு சொன்னாள். நல்ல மனுஷர்கள்தான் அவர்கள். ஆனால் நல்ல மனுஷர்கள் வீட்டில் மூலையில் ஒரு அறை வாங்கிக்கொண்டு இருப்பதற்கு இது மேல் என்று நினைத்திருப்பாள். தப்பென்று சொல்லமாட்டேன்.

கடைக்குப் போய்விட்டு வந்தால் படியேறுகிற சத்தம் கேட்கும். பூட்டைத் திறந்து உள்ளே காலெடுத்து வைக்கும்போது ஸலாம் சொல்லுவாள். ஆள் இல்லாத வீட்டுக்குள் நுழைந்தாலும் ஸலாம் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். அந்த ஸலாத்துக்குப் பிறகு ஒன்றும் கேட்காது. உடனே ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டு மேலே போவேன். வாங்கிக்கொள்வாள், கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தருவாள், உட்காரச் சொல்வாள். பேச்சு மட்டும் நாலு வார்த்தையில் முடிந்துவிடும்.

அந்த ஊரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேசுவாள். அதனால் நான் அதைப்பற்றியே கேட்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் துணி வாளியை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தேன். சாம்பல் நிற இடிபாடுகளுக்கு நடுவே அங்கங்கே நீலச் சதுரங்கள். ஒன்றிரண்டு இல்லை, தெருவுக்குத் தெரு இருந்தன. என்னம்மா இது, நீச்சல் குளமா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். தார்ப்பாய் என்றாள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். நீலத் தார்ப்பாய் தட்டையாக விரிந்து கிடந்தது, நாலு ஓரத்திலும் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள், நடுவில் ஒரு பழைய டயர்.

"புளி மூடற மாதிரியே மூடி வச்சிருக்கறாங்க பாருங்கக்கா" என்றாள்.

பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் மாசி, பங்குனி என்றால் புளி சீசன். ஓடு உடைத்துக் கொட்டை எடுத்த புளியைக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். பனி இறங்கும் நேரத்திலும் மேகம் கட்டும்போதும் நீலத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் கல்லும் காற்றுக்குப் பறக்காமலிருக்க மேலே டயரும் வைப்பார்கள். சாலையோரத்தில் குடிசை போட்டுக்கொள்கிறவர்களும் தார்ப்பாய் கட்டுகிறார்கள்தான், ஆனால் அது நடுவில் கம்பு கொடுத்துக் கூம்பாக நிற்கும். தட்டையாகக் கிடந்தால் கீழே சரக்கு. இது தருமபுரி மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

பெங்களூரில் இருந்து வேலை செய்த மற்றவர்கள் அந்த நீலச் சதுரங்களுக்கு எல்லாம் "தெரியவில்லை" என்று வண்ணம் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். அப்படிக் கொடுத்தால் அந்த ஊரிலேயே இருக்கும் ஆட்கள் நேரில் நடந்து போய்ப் பார்ப்பார்கள். ஹுமேரா மட்டும் யோசிக்காமல் "சரக்கு" என்று கொடுத்தாள். மேலாளர் ரஞ்சித்குமார் ஏன் என்று கேட்டபோது, விளக்கமாகச் சொன்னாள். கல், டயர், தட்டையான விரிப்பு. அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எல்லோரும் இனி ஹுமேரா மேடம் சொல்வதுபோலச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த ஊரின் தார்ப்பாய்கள் எல்லாம் ஒரே வாரத்தில் சரக்காகிவிட்டன. அந்த வாரம் அவள் முகத்தில் ஒரு களை இருந்தது. அப்பாவின் களத்தில் ஓடி விளையாடிய காலம் கடைசியில் ஒரு வேலைக்கு ஆயிற்றே என்றாள். நானும் பெருமைப்பட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துத் திட்டம் வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் வரைந்த சந்துகளின் மேல் அகலமான வெள்ளைச் சாலைகள் ஓடின. இரண்டு பக்கமும் மரத்துக்கு வட்டம் வட்டமாகப் பச்சை. ஒரு பெரிய பூங்கா. பஸ் நிற்க இடம், தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பத்திரி. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. எங்கள் தெருவுக்கும் யாராவது குண்டு போட்டால் இப்படிச் சாலை வருமோ என்று சொல்லிவிட்டேன். அவள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சரக்கு என்று வண்ணம் கொடுத்த இடங்களின் மேலெல்லாம் கோடு போட்டிருந்தது. ஏன் என்றேன். அங்கே ஆள் இல்லாததால் யாரையும் வேறிடம் அனுப்ப வேண்டியதில்லை, அதனால் முதலில் இயந்திரம் அங்கேதான் இறங்கும் என்று விளக்கினாள். பெரிய சாலையும் அவற்றின் மேல்தான் போகிறது. நல்ல யோசனை என்று எனக்குத் தோன்றியது. இருவரும் டீ குடித்தோம்.

பங்குனி மாதத்தில் ஃபைசான் வீட்டில் விருந்து. அவன் மகள், சின்னப் பெண்தான், குர்ஆனை முழுக்க ஓதி முடித்திருந்தாள். ஹுமேரா என்னையும் அழைத்தாள். என் வீட்டுக்காரர் மாதவராஜுக்குப் பாலக்கோடு சர்க்கரை ஆலையில்தான் வேலை, அவரோடு சேர்ந்து சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று கிளம்பினேன். பிரியாணிக்காகத்தான் போனேன் என்று அவர் சொல்லுவார். அதிலும் உண்மை இருக்கிறது.

காலையில் வானம் மூடிக்கொண்டிருந்தது. கோடை மழை வரும் என்று பயந்து களம் முழுக்கத் தார்ப்பாய் போட்டு வைத்திருந்தார்கள். நீல நீலமாக, கல்லும் டயருமாக. ஹுமேரா அதைக் காட்டி, "பாத்தீங்களாக்கா" என்று சிரித்தாள். வெகுநாள் கழித்து அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்தேன். அண்ணி என்று கூப்பிட்டபடி சமரீன் அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். பெண்கள் கூட்டத்தில் எல்லோரும் தத்தம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். இவள் தட்டை வாங்கிக்கொண்டு களத்தைப் பார்த்த ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நாங்கள் பாதி சாப்பிடுவதற்குள் மேகம் கலைந்து சுள்ளென்று வெயில் அடித்தது. விருந்தாளிகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்த ஃபைசான் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான். சாப்பிட்டுக்கொண்டிருந்த வேலைக்காரர்களும் கையை உதறிக்கொண்டு ஓடினார்கள். டயரைத் தூக்கி எறிந்து, கல்லைத் தள்ளி, தார்ப்பாயை உருவினார்கள். வெயிலில் மூடியபடி விட்டால் புளி வேர்த்துக் கறுத்துப்போகும், அப்புறம் எவனும் வாங்கமாட்டான். கண் மூடித் திறப்பதற்குள் களத்தில் நீலமே இல்லை.

ஹுமேரா வாயருகே கொண்டுபோன கையை இறக்கிவிட்டாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. எலும்பு ஏதாவது சிக்கிக்கொண்டதோ என்று நான் தண்ணீரை நீட்டினேன்.

"அக்கா, அங்க எல்லாப் படத்துலயும் வெயிலுங்கக்கா" என்றாள். "ஒரு தார்ப்பாயைக்கூட யாரும் எடுக்கலைங்க."

எனக்கு உடனே புரியவில்லை. அவள் கை கழுவிக்கொண்டு, தம்பியிடம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தருமபுரி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வழியில் எத்தனை களங்கள், எல்லாவற்றிலும் புளி வெயிலில் திறந்துதான் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதலிலிருந்து எல்லாப் படங்களையும் திறந்தாள். மாதத்துக்கு ஒருமுறை எடுத்த படங்கள். மழையிலும் மேகத்திலும் ட்ரோன் விடமாட்டார்கள், அதனால் எல்லாமே பளிச்சென்ற வெயில் நாட்கள். எந்த நாளிலும் எந்தத் தார்ப்பாயும் விலகவில்லை. சரக்காக இருந்தால் யாராவது ஒருநாள் திறந்திருப்பார்கள், கொஞ்சம் எடுத்திருப்பார்கள், வடிவமாவது மாறியிருக்கும். அவள் இன்னும் பெரிதாக்கினாள். ஒவ்வொரு நீலச் சதுரத்துக்கும் இடிபாடுகளின் ஊடே ஒரு ஒற்றையடித் தடம் போயிற்று. நடந்து நடந்து தேய்ந்த தடம். கூரை விழுந்து சுவர் மட்டும் நிற்கிற அறைகளின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, சுவரின் மேல் வரிசையாகக் கல் வைத்திருக்கிறார்கள். மேலேயிருந்து பார்க்கிறவளுக்குச் சுவரின் உயரம் எப்படித் தெரியும்? கீழே மனிதர்கள் இருந்தார்கள். அவள் அவர்களைப் புளி என்று எழுதியிருந்தாள்.

அவளும் அப்படியேதான் சொன்னாள். "மனுசங்களைப் புளின்னு எழுதிட்டேங்கக்கா."

தெரியாமல்தானே செய்தாய் என்றேன். தெரியும் என்று நினைத்துத்தான் செய்தேன், "தெரியவில்லை" என்று போட்டிருந்தால் யாராவது போய்ப் பார்த்திருப்பார்களே என்றாள்.

ரஞ்சித்குமாரிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அந்தப் பகுதியின் வேலை முடிந்து ஒப்படைத்தாகிவிட்டது, திட்டக்காரர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், இப்போது போய் எல்லாம் தப்பு என்றால் மொத்தக் கம்பெனிக்கும் வேலை போய்விடும் என்றார். இயந்திரம் இறங்குமுன் யாராவது பார்க்காமலா இருப்பார்கள் என்றார். பார்ப்பார்கள் என்று எங்கேயும் எழுதவில்லையே என்று இவள் கேட்டாள். சரக்கு என்று குறித்த இடத்துக்கு ஆள் அனுப்பிப் பார்க்கும் வழக்கமே திட்டத்தில் இல்லை. மாதக் கடைசியில் வேலை தொடங்குகிறது. தினமும் பேசினாள். அவர் தினமும் மேலிடத்தில் சொல்லியிருக்கிறேன் என்றார். பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

அந்த நாட்களில்தான் அவள் அந்த ஒரு வீட்டைக் கண்டுபிடித்தாள். ஒரு சந்தின் கோடியில் இருந்த நீலச் சதுரம். பக்கத்தில் கைக்குட்டை அளவுக்கு ஒரு பச்சை. முதல் படத்தில் இல்லை, அடுத்ததில் புள்ளி, அதற்கடுத்ததில் சதுரமாகிவிட்டது. யாரோ பாத்தி கட்டி என்னவோ வளர்க்கிறார்கள். பக்கவாட்டில் சிவப்பாக ஒரே ஒரு துணி. எல்லாப் படத்திலும் அந்த ஒரு துணிதான்.

ஒரு பொம்பளை, தனியாக இருக்கிறாள் என்று ஹுமேரா முடிவுகட்டிவிட்டாள். எப்படித் தெரியும் என்றால், ஒரே துணிதானே காய்கிறது என்றாள். வீட்டில் நாலு பேர் இருந்தால் கொடி நிறையத் துணி இருக்காதா? அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டுக் கொடி இரண்டு வரிசை. அவள் கொடியில் ஒரு சுடிதாரும் துப்பட்டாவும்.

அன்றிலிருந்து "அவங்க" என்றால் அந்தப் பெண்தான். அவங்க கீரை போட்டிருக்கிறார்கள். அவங்களுக்குத் தண்ணீர் தூரத்திலிருந்து வருகிறது போல, தடம் அந்தப் பக்கம் போகிறது. அவங்க கோடியில் வீடு பிடித்திருப்பதைப் பார்த்தால் கூட்டம் பிடிக்காதவர்கள். நான் கிண்டல் செய்தேன், உன் பக்கத்து வீட்டுக்காரி இன்றைக்கு என்ன சமையல் என்று. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் எனக்குத்தான் கோபம். கீழே ஐந்து உயிர் இருக்கிறோம், ஒருநாள் இறங்கி வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டாள். எங்கேயோ முகம் தெரியாத ஒருத்திக்கு இத்தனை உருக்கம். ஆனால் யோசித்துப் பார்த்தால், எங்களுக்கு அவள் வேண்டும் என்று ஒன்றுமில்லை. வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் எங்கள் டிவி ஓடும். அந்தப் பெண்ணுக்கு இவளை விட்டால் நாதியில்லை. இவள் வாயைத் திறக்காவிட்டால் அவள் தலைமேல் சாலை வந்துவிடும்.

கடைசியில் செய்யக்கூடாததைச் செய்தாள். திட்டத்தின் மேலேயே குறிப்பு எழுத ஒரு வசதி உண்டு. அளவு சரியில்லை, கோடு விலகியிருக்கிறது என்று மட்டும்தான் கம்பெனி ஆட்கள் எழுத வேண்டும், மற்றதெல்லாம் மேலாளர் மூலமாகத்தான் போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அவள் அந்தக் கோடி வீட்டின் மேல் குறிப்பைக் குத்தினாள். அங்கே குத்தினால் திட்டக்காரர்கள் கண்ணிலேயே நேராகப் படும். ஆங்கிலத்தில் எழுதியதை எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள்.

"இந்த நீல இடங்களில் இருப்பது சரக்கு இல்லை. மனிதர்கள் குடியிருக்கிறார்கள். வெயில் நாளிலும் யாரும் தார்ப்பாயை விலக்கவில்லை. சரக்கு என்று குறித்தது என் தவறு. இந்த வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறார். தயவுசெய்து போய்ப் பாருங்கள்."

அனுப்பிவிட்டுச் சேரில் சாய்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த ஊர் அவளுக்குத் திறக்கவில்லை. அவள் பெயரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டே அனுப்பாததற்கு ரஞ்சித்குமார்தான் காரணமாக இருக்க வேண்டும், அந்த அளவுக்கு அவருக்குத் தைரியம் இருந்திருக்கிறது. வேறு ஏதோ நாட்டில் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குக் கார் நிறுத்தும் இடம் வரைகிற வேலையைக் கொடுத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு புல் பூண்டு இல்லை.

பிறகு காத்திருப்புதான். கேட்க ஆள் கிடையாது. அந்த ஊரின் பெயர் தெரிந்தாலாவது பேப்பரில் பார்க்கலாம். மாதக் கடைசி வந்தது, போனது. அவள் மெலிந்துபோனாள். குழம்புக் கிண்ணம் பாதி மிச்சத்தோடு திரும்பி வந்தது. அவங்க என்ற பேச்சே இல்லை. நானாகக் கேட்டாலும், "தெரியலைங்கக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். பெத்த பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்தவள்போல இருந்தாள் என்றால் மிகையில்லை. யாரோ ஒருத்திக்காக ஒருத்தி இப்படி ஆவாளா என்று மாதவராஜ் கேட்டார். அவருக்குப் புரிய வைக்க என்னால் முடியவில்லை.

வைகாசியில் ஒரு மத்தியானம் மிளகாய் காயப்போட மாடிக்குப் போனேன். ஹுமேரா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் போன். அழுதிருக்கிறாளா சிரித்திருக்கிறாளா என்று தெரியாத முகம். முறத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டேன்.

ரஞ்சித்குமார் பேசினாராம். கம்பெனிக்குத் தெரியாமல் தன் சொந்த போனிலிருந்து பேசினாராம். திட்டக்காரர்கள் அவள் குறிப்பைப் படித்துவிட்டு, அங்கேயே இருக்கும் ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு தார்ப்பாயாகத் தூக்கிப் பார்த்ததில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் குடித்தனம் இருந்திருக்கிறது. இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள். பெரிய சாலை அந்தப் பக்கம் வராது, வேறு வழியாக வளைத்துப் போடப்போகிறார்கள். அங்கே குடியிருக்கிறவர்களைக் கேட்டுக்கொண்டு, அவரவர் இடத்திலேயே வீடு கட்டிக்கொடுக்கும்படி மறுபடி வரைகிறார்கள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். எத்தனை பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாய் என்று என்னென்னவோ சொன்னேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் கட்டிக்கொண்டபடியே இருந்தாள். பிறகு மெதுவாக விலகிக்கொண்டு, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

அந்தக் கோடி வீட்டுக்கும் போனார்களா என்று கேட்டேன். போனார்களாம். குறிப்பு குத்தியிருந்த வீடு அதுதானே, அதைத்தான் முதலில் போய்ப் பார்த்தார்களாம்.

"அந்தச் செவப்பு, காயற துணி இல்லைங்கக்கா. வாசலுக்கு மேல கட்டின படுதாவாம்."

"அப்ப அந்தப் பொம்பளை?"

"அந்த வூட்டுல ஏழு பேருங்க. புருசன், பொண்டாட்டி, மாமியாரு, புள்ளைங்க நாலு. துணியெல்லாம் உள்ளாறயே கட்டிக் காயப்போடறாங்களாம், வெளிய போட்டாத் தூசி. அந்தக் கீரை புள்ளைங்க போட்டதாம்."

நல்ல விஷயம்தானே என்றேன். பாவம் ஒருத்தி தனியாகக் கிடந்து தவிக்கிறாள் என்று எத்தனை கவலைப்பட்டாய், இப்போது பார், வீடு கலகலவென்று இருக்கிறது என்றேன். அவள் தலையாட்டினாள். ஆமாம் என்றாள். உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது, தொழும்போது அதற்காகத் துவா செய்தேன் என்றாள். பொய் சொல்கிறவள் இல்லை அவள்.

கீழே என் மகன் ரிமோட்டுக்காகத் தம்பியோடு சண்டை போடுகிற சத்தம் படிவழியாக மேலே வந்தது. அவள் படிப்பக்கம் திரும்பி அதைக் கேட்டாள். அவள் கண் மறுபடியும் நிறைந்தது. இந்தத் தடவை துடைத்துக்கொள்ளவில்லை.

"அந்த ஊர்லயும் தனியா இருந்தது நான் மட்டுந்தாங்கக்கா" என்றாள்.